வயல் வேலைக்கு அளவெடுத்துத் தைக்கும் தோல் பூட்ஸ்

உழவுக் கருவிகளை வாங்கும்போது நம் குடியானவர்கள் கொழுவின் இரும்பையும் நுகத்தடியின் மரத்தையும் தட்டிப் பார்த்தே வாங்குகிறார்கள். ஆனால் நாள் முழுதும் நிலத்தில் நிற்கும் தங்கள் கால்களைப்பற்றி அவ்வளவு யோசிப்பதில்லை. வெறுங்காலுடன் வேலை செய்வதால் நேரும் தீங்குகள் அற்பமானவையல்ல. முட்குத்தின் வழியாகக் கிருமிகளும் பூஞ்சைகளும் உட்புகுந்து, பாதம் வீங்கிப் புரையோடும் வியாதி ஒன்று உண்டு. 1842-ஆம் வருஷத்தில் மதுரையிலிருந்த வைத்தியர் ஒருவர் அதை விவரித்தமையால், உலக வைத்திய நூல்களில் அதற்கு ‘மதுரைப் பாதம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈரமண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்தே உடலில் ஏறுகின்றன. 2000 முதல் 2019 முடிய இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 இலட்சம் பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிடுகிறது. கடிகளில் பெரும்பாலானவை காலிலேயே படுகின்றன.

ஆகையால் காலுக்கு நல்ல காப்புத் தேடுவது ஆடம்பரமன்று. கடையில் ஆயத்தமாக விற்கும் பூட்ஸ் பலருக்குப் போதுமானதே. ஆயினும் வெறுங்காலுடன் நடந்து பழகிய பாதம் விரல்பக்கம் அகன்றிருப்பதால், அப்பூட்ஸ் பெரும்பாலும் விரல்களை நெருக்கும். அத்தகையோர் அளவெடுத்துத் தைப்பித்துக்கொள்வது சிலாக்கியம். அவ்விதம் தைப்பிக்கையில் தைப்பவர் பலவிதக் கேள்விகளைக் கேட்பார். அவற்றிற்கு எவ்வாறு விடையளிப்பது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதில் நினைவில் வைக்கவேண்டிய விதி ஒன்றே. பிற்காலத்தில் மாற்றமுடியாத அங்கங்களில் பணத்தைத் தாராளமாகச் செலவிடுக; மாற்றக்கூடியவற்றில் சிக்கனமாக இருக்க. அளவு, மேல்தோல், அடியைச் சேர்க்கும் விதம் ஆகிய மூன்றும் முதல் வகை. அடி, குதிக்கட்டை, கயிறு முதலியவை இரண்டாம் வகை.

எந்த நிலத்திற்கு ஏற்றது?

தோல் பூட்ஸ் புன்செய், தோட்டக்கால், தோப்பு, களம் ஆகியவற்றிற்கே ஏற்றது. சேற்றில் நாற்று நடுவதற்கு அது உதவாது; நாள் முழுதும் நீரில் ஊறிய தோல் கெட்டுப்போகும். அவ்வேலைக்கு ரப்பர் பூட்ஸே தக்கது.

அளவு

சாயங்காலத்தில் பாதம் சற்று உப்பியிருக்கும். அவ்வேளையில், வேலைக்கு அணியும் காலுறையுடன், உடலின் பாரம் இரு காலிலும் சமமாக விழும்படி நின்று அளவு கொடுக்கவேண்டும். இரு பாதங்களையும் தனித்தனியே காகிதத்தின்மேல் வைத்துப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு வரையச் செய்க. விரல்களின் அடிமூட்டு, புறங்கால், கணுக்கால் ஆகிய இடங்களின் சுற்றளவுகளையும் எடுக்கவேண்டும். பெரிய பாதத்திற்கேற்பவே கட்டை அமையவேண்டும். பூட்ஸை அணிந்து நின்றால் விரல்நுனிக்கு முன் சுமார் அரை அங்குலம் இடம் இருத்தல் நன்று. குதிகால் மாத்திரம் நழுவலாகாது.

மேல்தோல்

தோல் பதனிடும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிடுவது நம் நாட்டின் பழைய முறை. அத்தோல் கெட்டியானது, நாளடைவில் பாதத்தின் வடிவத்தை ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சுருங்கி விறைக்கும். மற்றது குரோமிய உப்பினால் பதனிடும் முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் இதைப் பரவச்செய்தார். கவலை இறைப்புக்கான தோற்பைகள் நீரில் விரைவில் கெடாமலிருக்க இத்தோல் உதவும் என்பது அவர் கருத்துக்களில் ஒன்று. நீரைத் தாங்குவதும், மிருதுவாயிருப்பதும், சீக்கிரம் உலர்வதும் இதன் குணங்கள்.

எனவே ஒரே பூட்ஸில் இரண்டையும் உபயோகிப்பதே உத்தமம்: மேலே குரோமியத் தோல், பாதம் படியும் உள்ளடிக்குப் பட்டையில் பதனிட்ட தோல். மேல்தோல் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் கனமும், மேற்பரப்புச் செதுக்கப்படாமையும் உடையதாக இருக்கவேண்டும். கீழ்ப்பாளத்தைப் பிரித்தெடுத்து மேலே சாயம் பூசி விற்கும் தோலும் உண்டு. மடித்துப் பார்த்தால் பூச்சு வெடிப்பதினின்றும் அதைக் கண்டுகொள்ளலாம்.

அடியைச் சேர்க்கும் விதம்

பூட்ஸின் ஆயுள் இதிலேதான் இருக்கிறது.

பசையால் ஒட்டுவது மலிவு, இலேசானது. வெயிலும் நீரும் மாறிமாறிப் படும் நிலத்தில் அது விட்டுப்போவது சகஜம். சில வியாபாரிகள் ஒட்டிய அடியின் விளிம்பில் தையல்போல அச்சிட்டிருப்பார்கள். நூல் உண்மையில் கீழ்ப்புறம்வரை செல்கிறதா என்று பார்த்துக்கொள்க.

உள்ளடியையும் புறவடியையும் ஒரே தையலால் இணைப்பது மற்றொரு முறை. 1858-ல் அமெரிக்கரான லைமன் பிளேக் இதற்கான இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். நன்றாய் வளைந்துகொடுக்கும், ஆயினும் தையல்துளை வழியே ஈரம் உள்ளே ஏறும்.

மூன்றாவது, மேல்தோலையும் உள்ளடியையும் ஒரு தோற்பட்டையுடன் சுற்றிலும் தைத்து, அப்பட்டையுடன் புறவடியைத் தனியே தைப்பது. அடி தேய்ந்தால் வெளித்தையலை மாத்திரம் அறுத்துப் புது அடி தைக்கலாம், மேல்தோலுக்குச் சேதமில்லை. கையால் தைத்தால் பட்டை உள்ளடித் தோலிலேயே பிணையும். இயந்திரத்தில் தைப்பது பெரும்பாலும் உள்ளடியில் ஒட்டிய துணிவரம்பில் பிணைவதால், வரம்பு விட்டுப்போக இடமுண்டு.

நான்காவது, மேல்தோலின் ஓரத்தை வெளிப்புறமாக மடித்து அடியின்மேல் படுக்கவைத்துத் தைப்பது. அமெரிக்காவின் மேற்குக் காடுகளில் மரம் வெட்டுவோரும் காட்டுத்தீ அணைப்போரும் இதை விரும்புகிறார்கள். ஓரம் வெளியே படிந்திருப்பதால் புழுதியும் நீரும் எளிதில் நுழைவதில்லை.

வயல் வேலைக்குப் பின்னிரண்டில் ஒன்றையே தேர்ந்துகொள்க. உதாரணமாக, இருமடங்கு விலையுள்ள பூட்ஸுக்கு மூன்று தடவை அடி மாற்றினால், நான்கு ஜதை மலிவுப் பூட்ஸின் வேலையை அது செய்துவிடும். உள்ளூர்த் தொழிலாளிக்கும் ஜீவனம் கிடைக்கும்.

மற்ற அங்கங்கள்

தோலடி ஈரப்புல்லில் வழுக்கும். 1937-ல் இத்தாலிய மலையேறுநரான விட்டாலே பிரமானி ஆழ்ந்த பற்களுள்ள ரப்பர் அடிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வகை நன்றாகப் பிடிக்கும். களிமண் நிலத்திற்குப் பற்கள் இடைவிட்டிருக்கவேண்டும். இல்லையேல் மண் அப்பிக்கொள்ளும். மண்வெட்டி மிதிப்போர் உள்ளடிக்குக் கீழே எஃகுத் தகடு வைக்கச் சொல்லலாம். விரல்பக்க எஃகுக் குமிழ், இயந்திரமும் பாரமும் கையாள்வோருக்கே அவசியம்.

உயரம் 6 அங்குலமானால் நடப்பது சுலபம். இரவில் நீர் பாய்ச்சப் போவோருக்கு 8 அங்குலத்திற்குக் குறையலாகாது. நாக்குத்தோலை இருபுறமும் மேல்தோலுடன் சேர்த்துத் தைத்தால் விதையும் மண்ணும் புகா. எந்தப் பூட்ஸும் பாம்பினின்று பூரணக் காப்பு அளிக்காதாகையால் கைவிளக்கை மறக்கலாகாது. தையலுக்குப் பருத்திநூல் சாணத்திலும் மூத்திரத்திலும் இற்றுப்போகும். பாலியெஸ்டர் நூல் நிலைக்கும்.

பராமரிப்பு

நனைந்த பூட்ஸை அடுப்பின் அருகிலோ கடும் வெயிலிலோ காயவைக்கலாகாது. காகிதத்தை உள்ளே திணித்து நிழலில் உலர்த்துக. உரம் பட்டால் உடனே துடைக்கவேண்டும். மேல்தோலுக்கு மாதம் ஒருமுறை சிறிது எண்ணெய் அல்லது தோல்மெழுகு போதும். மிகுதியானால் தோல் தொய்ந்துவிடும். அடியை முற்றிலும் தேயவிடாமல், தையல் தெரியுமுன்பே மாற்றுக.

முடிவாக மிராசுதார்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. நடுநிசியில் மடை திருப்பப் போவது பெரும்பாலும் நிலத்துக்குடையவரல்லர்; அவரிடம் வேலை செய்பவரே. காலில் ஜோடு அணிவதை மேல் கீழ் என்ற அந்தஸ்தோடு பிணைத்திருந்த வழக்கம் இனி எவ்வூரிலும் இருக்கலாகாது. தமக்கு ஒரு ஜதைக்கு அளவு கொடுக்கும் நாளிலேயே, தம் வேலையாட்களையும் உடனழைத்துச் சென்று அவர்களுக்கும் அளவு எடுக்கச் செய்வாராயின், அச்செலவு நிலத்திற்கு இட்ட எருவைப்போலப் பலன் தரும்.