திருகோணமலையின் மலைகளை விண்கல் உருவாக்கியதா?

திருகோணமலைத் துறைமுகத்தை வானிலிருந்து எடுத்த படத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. வளைந்து உள்வாங்கிய உட்துறை, அதைச் சுற்றிக் குன்றுகள், கரையை ஒட்டியே பாதாளமாக இறங்கும் கடல். "சேர், இது விண்கல் விழுந்த இடமா?" என்று என்னிடம் புவியியல் படிக்கும் மாணவர்கள் கேட்பதுண்டு. சிரித்துவிட்டுக் கடந்துபோக வேண்டிய கேள்வி அல்ல இது. விண்கல் தாக்கி மலை உருவானது உலகில் நடந்திருக்கிறது. எங்கள் ஊரில் அது நடந்ததா என்பதைத்தான் பாறைகளிடம் கேட்க வேண்டும்.

விண்கல் மலையை எழுப்புமா?

பெரிய விண்கல் ஒன்று விநாடிக்குப் பதினொரு கிலோமீற்றருக்கும் அதிகமான வேகத்தில் பூமியை மோதுகிறது. அந்த வேகத்தின் சக்தி முழுவதும் கணப்பொழுதில் வெளிப்படுவதால் கல்லின் பெரும்பகுதி உருகி ஆவியாகிவிடுகிறது. தாக்கம் சிறியதென்றால் கிண்ணம் போன்ற குழி மிஞ்சும். பெரியதென்றால் அமுக்கப்பட்ட தரை மீண்டும் மேலே எகிறும். தண்ணீரில் துளி விழும்போது நடுவில் ஒரு நீர்த்தூண் எழுவதைப் பார்த்திருப்பீர்கள். பாறையும் அப்படியே எழுந்து, அந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது.

இந்தியாவின் ராஜஸ்தானில், பாரான் மாவட்டச் சமவெளியில் ராம்கர் என்ற வளையக் குன்று இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 200 மீற்றர், வளையத்தின் அகலம் நான்கு கிலோமீற்றர் வரை. 1869இலேயே புவிச்சரிதவியலாளர் மல்லட் இதைக் கவனித்துவிட்டார். அது எப்படி உருவானது என்பதில் அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டாகக் கருத்து மோதல். 2020இல் வெளியான ஆய்வு அங்குள்ள படிகத் துணிக்கைகளில் விண்கல் தாக்கத்தின் அடையாளத்தைக் காட்டி அந்த வாதத்தைத் தீர்த்தது. அதோடு இன்னொன்றையும் சொன்னது. கண்ணுக்குத் தெரியும் அந்த வளையம் குழியின் விளிம்பே அல்ல. பத்துக் கிலோமீற்றர் அகலமான பெருங்குழியின் நடுவில், ஆழத்துப் பாறைகள் ஏறத்தாழ 1000 மீற்றர் மேலெழுந்து நின்ற பகுதியின் வெளிப்புறமே அது. தென்னாபிரிக்காவில் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த தாக்கத்தின் மிச்சமான விரெட்போட் மலை வளையத்தை 2005இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

வட்டம் சாட்சியாகாது

குழிகளைப் பற்றி எங்கள் மக்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட ஊர் இது. 2006இல் மூதூரும் சம்பூரும் பட்டபாட்டை நேரில் கண்டவர்கள் இதை வாசிக்கிறீர்கள். விமானக் குண்டு சரிந்து வந்து விழுந்தாலும் குழி பெரும்பாலும் வட்டமாகவே இருக்கும். குழியைத் தோண்டுவது குண்டின் உடல் அல்ல, வெடிப்பு. விண்கல் குழிகள் வட்டமாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

ஆனால் வட்டமான எல்லாமே வெடிப்பால் வந்தவை அல்ல. எரிமலை வாயும் வட்டம்தான். சுண்ணாம்புக்கல் கரைந்து தரை உள்ளிறங்கினாலும் வட்டம்தான். மடிந்த பாறைகள் தேய்ந்தாலும் வளையங்கள் தோன்றும். எனவே விஞ்ஞானிகள் உருவத்தை நம்புவதில்லை. அவர்கள் கேட்பது இரண்டு சாட்சிகளை.

முதலாவது, படிகத் துணிக்கை. குவாட்ஸ் துணிக்கையை மெல்லிய சீவலாக்கி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், தாக்கத்துக்கு உட்பட்ட துணிக்கையில் மிக நெருக்கமான, ஒன்றுக்கொன்று சமாந்தரமான கோடுகள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். வளிமண்டல அமுக்கத்தைப் போல ஒரு இலட்சம் மடங்கு அமுக்கம் ஒரு கணத்தில் பாய்ந்தால்தான் அவை உண்டாகும். எரிமலையாலோ நிலநடுக்கத்தாலோ அது முடியாது. விண்கல்லைத் தவிர, அணுகுண்டுப் பரிசோதனை நடந்த நிலங்களில் அவற்றைக் கண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, கூம்புப் பிளவுகள். அதிர்ச்சி அலை பாறையூடாகச் செல்லும்போது, குதிரை வால் விரிந்ததுபோல வரிகள் கொண்ட கூம்பு வடிவில் பாறை பிளக்கிறது. இதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

உலகில் இதுவரை இப்படி உறுதிசெய்யப்பட்ட இடங்கள் ஏறத்தாழ 190. இந்தியாவில் லோனார், தாலா, ராம்கர் ஆகியவை அவற்றில் அடங்கும். இலங்கையில் ஓர் இடமும் இல்லை.

எங்கள் பாறைகள் சொல்வது

அப்படியானால் திருகோணமலையின் குன்றுகள் எப்படி வந்தன? அந்தக் கதை விண்கல் கதைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

இந்தியா, இலங்கை, மடகஸ்கார், ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கொண்ட காலம், ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்த மோதலில் எங்கள் பாறைகள் நிலத்துக்கடியில் இருபது கிலோமீற்றருக்கும் ஆழமாகப் புதைந்து, வெந்து, மடிந்து உருமாறின. ஒரு காலத்தில் வெறும் மணலாக இருந்தது குவாட்சைற் என்ற கடும்பாறையானது. மேலிருந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போக, மெதுவான பாறைகள் தேய்ந்து பள்ளமாயின. கடினமானவை முகடுகளாக நின்றன. கோணேசர் கோயில் மலையிலுள்ள இராவணன் வெட்டு புராணத்தில் வாள்வீச்சு. புவிச்சரிதவியலில் அது பாறையின் இயற்கைப் பிளவு.

துறைமுகத்தின் கதை இன்னும் அண்மையது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. பின்னர் ஏறிய கடல் முகடுகளுக்கு இடையிலான பள்ளங்களை நிரப்பியது. முகடுகள் முனைகளாகவும் தீவுகளாகவும் மிஞ்சின. கரைக்கு அருகிலுள்ள ஆழமும் கிண்ணக் குழி அல்ல. மகாவலி கடலைச் சேரும் கொட்டியாரக் குடாவுக்கு எதிரே தொடங்கி ஆழ்கடல்வரை நீளும் கடலடிப் பள்ளத்தாக்கு அது. கன்னியா வெந்நீரூற்றுக்கும் எரிமலை காரணமல்ல. பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கும் மழைநீர் அங்கே சூடாகி மேலே வருகிறது.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்லவேண்டும். அந்தப் பெரும் வேக்காட்டுக்கு முன் ஏதாவது விண்கல் இங்கே விழுந்திருந்தால், படிகத்திலிருந்த கோடுகளை வெப்பமே அழித்திருக்கும். எனவே எவராவது சாட்சி தேடுவதானால் அதற்குப் பிந்திய காலத்துக்கே தேடலாம்.

சாட்சி ஏன் முக்கியம்?

2012 டிசம்பர் இறுதியில் பொலன்னறுவை அரலகங்விலவில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களில் வேற்றுலக உயிரின் தடயம் இருப்பதாகப் பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்க குழுவினர் அறிவித்தார்கள். செய்தி உலகம் முழுவதும் பரவியது. அவை விண்கற்களே அல்ல என்றும், காட்டப்பட்டவை பூமியின் நன்னீர்ப் பாசிகளே என்றும் வேறு விஞ்ஞானிகள் மறுத்தார்கள். அந்த மறுப்பு செய்தியளவுக்குப் பரவவில்லை.

கல்லை வைத்து உரிமை பேசும் நாடு இது. கோணேசர் மலையும் கன்னியாவும் யாருக்குரியவை என்ற சர்ச்சை எங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குப் பாறை பதில் சொல்லாது. ஆனால் பாறையைப் பற்றி நாம் சொல்வது சாட்சியோடு இருக்கவேண்டும். மற்றவர்களிடம் ஆதாரம் கேட்கும் சமூகம், தன் ஊரைப் பற்றிய அழகான கதைக்கும் ஆதாரம் கேட்டால்தான் அதன் குரலுக்கு மதிப்பு.

கடைசியாக, என் மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கும் சொல்கிறேன். விண்கல் பாரமாக இருக்கும், கறுத்து எரிந்ததுபோல் இருக்கும், காந்தத்தை இழுக்கும் என்று இணையத்தில் படித்துவிட்டுப் பிள்ளைகள் பற்றைகளுக்குள் தேடப் போகிறார்கள். எங்கள் மண்ணில் பாரமாக, கறுத்து, காந்தத்தை இழுத்துக் கிடப்பது பெரும்பாலும் வெடித்த எறிகணையின் துண்டு. வெடிக்காததாகவும் இருக்கலாம். இரும்புபோல எதைக் கண்டாலும் தொடவேண்டாம், கிளறவேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு விலகி, பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள். கல்லைப் பற்றிய சந்தேகமென்றால் தூரத்திலிருந்து எடுத்த படத்தோடு பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையைக் கேட்கலாம். வானத்திலிருந்து விழுந்த கல் பல்லாயிரம் ஆண்டுகள் காத்துக் கிடந்திருக்கும். இன்னும் சில நாட்கள் அது காத்திருக்கும்.