எத்தனை வாட் வேண்டும்?

ஒரு வீட்டில் பிள்ளை வயதுக்கு வந்து, "எனக்கு ஒரு விளையாட்டுக் கம்ப்யூட்டர் வேண்டும்" என்று சொல்லிவிட்டானானால், அன்றோடு அந்த வீட்டின் அமைதிக்கு விடை கொடுத்து அனுப்பிவிட வேண்டியதுதான். பிறகு காப்பி சாப்பிடும்போதும் கிராபிக்ஸ் கார்டு. கோயிலுக்குப் போகும்போதும் கிராபிக்ஸ் கார்டு!

என் தங்கையின் வீட்டிலும் இதுதான் நடந்தது. மருமான் காலேஜில் படிக்கிறவன். இரண்டு வருஷகாலம் அண்டை அயல் குழந்தைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பணம் சேர்த்தான். சேர்த்த பணத்தில் ஒவ்வொரு சாமானாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்தான். கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுதான் பவர் சப்ளை. கடைத்தெருவில் இதற்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர்.

அதை வாங்குவதற்காகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனவன், முகம் வாடித் திரும்பி வந்தான். "மாமா! ஒரு கடையில் ஆயிரம் வாட்டுக்குக் குறைந்து வாங்காதே என்கிறார்கள். அந்த விலைக்கு என்னிடம் பணமில்லை. அடுத்த கடையில் 800 வாட் என்று எழுதிய பெட்டியை மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். எதை நம்புவது?" என்று கேட்டான்.

சமையலறையிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள்: "ஆயிரம் வாட்டா? அண்ணா! என் இஸ்திரிப் பெட்டியே ஆயிரம் வாட்தானே? தினம் மூன்று மணி நேரம் அதைப் போட்டு வைத்தால் மூன்று யூனிட் அல்லவா ஆகும்? கரண்ட் பில்லை யார் கட்டுவது?"

தாயும் பிள்ளையும் கேட்ட இரண்டு கேள்விகளும் நியாயமானவைதாம். இவற்றுக்கு விடை தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் பணத்தை விரயம் செய்கின்றன. ஆகவே அன்று நாங்கள் போட்ட கணக்கை வாசகர்களுக்கும் சொல்லி விடுகிறேன்.

கிணறும் குடமும்

முதலில் தங்கையின் பயத்தைப் போக்குவோம். வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சில்லுகளுக்கு அது ஆகாது. அவற்றுக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள நேர்மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதுதான் பவர் சப்ளையின் வேலை. அதன் மேல் எழுதியுள்ள வாட் கணக்கு, அதனால் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைத்தான் குறிக்கிறது. எப்பொழுதும் அவ்வளவையும் செலவழிக்கும் என்று அர்த்தமில்லை. கிணறு எவ்வளவு பெரிதானாலும் குடம் கொள்ளும் அளவுதானே தண்ணீர் இறைக்கிறோம்? இஸ்திரிப் பெட்டியின் சங்கதி வேறு. சூடேறும்போது அது தன் ஆயிரம் வாட்டையும் விழுங்கியே தீரும்.

பந்திக் கணக்கு

இனி பையனின் கேள்விக்கு வருவோம். கல்யாணத்துக்கு எத்தனை படி அரிசி போடுவது என்று தீர்மானிக்க வேண்டுமானால், முதலில் எத்தனை இலை விழும் என்று எண்ணுகிறோம் அல்லவா? அவ்விதமே எண்ணினோம்.

அவன் வாங்கியிருந்த புராசஸர் ஏ.எம்.டி. ரைசன் 5 7600. இதற்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும், முழு மூச்சாக உழைக்கும்போது 88 வாட் வரையில் இழுக்கும். கிராபிக்ஸ் கார்டு, 2023-ஆம் வருஷத்தில் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4070, அதற்கு 200 வாட். இந்தக் கூட்டத்தில் பகாசுரன் எப்போதும் கிராபிக்ஸ் கார்டுதான். மதர்போர்டு, நினைவுப் பலகைகள், எஸ்.எஸ்.டி., விசிறிகள் ஆகிய சில்லறைப் பரிவாரங்களுக்குத் தாராளமாக 60 வாட் என்று வைத்துக் கொண்டோம். ஆக மொத்தம் 348. சுமார் 350 வாட்.

அப்படியானால் 350 வாட் சப்ளை போதுமா? போதாது. இலைக்குச் சரியாகச் சோறு வடிக்கிற சமையற்காரர் அவமானப்பட்டே தீருவார். கிராபிக்ஸ் கார்டு திடீர் திடீரென்று, கண்மூடித் திறப்பதற்குள், தன் அளவுக்கு மேல் மின்சாரத்தை இழுக்கும் குணமுள்ளது. 2022-ல் வெளியான ஏ.டி.எக்ஸ். 3.0 என்னும் விதிமுறை, பெரிய கார்டுகளுக்கென்று பதினாறு ஊசி இணைப்பு வைத்த சப்ளைகள் 100 மைக்ரோ செகண்டு நேரத்துக்குத் தங்கள் அளவைப் போல் இருமடங்கைத் தாங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அன்றியும் சித்திரை மாத வெயில், நாலைந்து வருஷத்தில் வரும் தேய்மானம், பின்னால் பெரிய கார்டு வாங்கும் ஆசை எல்லாவற்றுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். கண்ட தொகையோடு அதில் பாதியைக் கூட்டிக் கொள்வது நல்ல வழக்கம். 350-ம் 175-ம் 525. ஆகவே நல்ல தயாரிப்பாக இருந்தால் 550 வாட்டே தாங்கும். என்விடியா கம்பெனியார் இந்தக் கார்டுக்கு 650 வாட் என்று சிபாரிசு செய்கிறார்கள். இதைவிடப் பசி மிகுந்த புராசஸர்களையும், தரம் குறைந்த சப்ளைகளையும் உத்தேசித்துச் சொன்ன கணக்கு அது. 650 வாங்கினால் கவலையே இல்லை. ஆயிரத்துக்கு அவசியம் என்ன?

ஆயிரம் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டு ஒன்றே 575 வாட் தின்னும். அதனோடு 253 வாட் வரை போகும் இன்டெல் கோர் ஐ9 14900கே புராசஸரையும் ஜோடி சேர்த்தால், ஆயிரம் என்பது ஆடம்பரமல்ல, அத்தியாவசியம். மறுபுறம், 115 வாட்டில் திருப்தியடையும் ஆர்.டி.எக்ஸ். 4060 வைத்திருப்பவர்களுக்கு நல்ல 550 வாட்டே தாராளம்.

பெட்டியின் மேல் எழுதியது

அப்புறம் அந்த மலிவான 800 வாட் பெட்டி! அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பையன் படம் பிடித்து வந்திருந்தான். நான் கேட்டது ஒரே கேள்வி: "12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது?"

"26, மாமா."

"பன்னிரண்டை இருபத்தாறால் பெருக்கு."

அவன் பெருக்கினான். 312 வாட்! பையனுடைய வாய் திறந்தபடியே நின்றது. இக்காலத்துப் புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது 12 வோல்ட்டிலிருந்துதான். 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் எதிரே பெரிய பெரிய எண்களைப் போட்டு, எல்லாவற்றையும் கூட்டி 800 என்று பெட்டியின் மேல் எழுதிவிட்டால் யாருக்கு என்ன பிரயோஜனம்? நல்ல 650 வாட் சப்ளையில் 12 வோல்ட்டுக்கு நேரே 54 ஆம்பியர் இருக்கும். பெருக்கினால் 648 வரும். சீட்டைப் படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம்.

சென்ற வருஷம் அவனுடைய சிநேகிதன் ஒருவன் இப்படித்தான் மலிவாக ஒன்றை வாங்கினான். மூன்றாம் மாதம் அது கருகிப் போயிற்று. போனது தனியாகவா போயிற்று? மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டது! கம்ப்யூட்டரின் மற்ற எந்த உறுப்பு கெட்டாலும் நஷ்டம் பெரும்பாலும் அதோடு நிற்கும். பவர் சப்ளை கெட்டால் இரண்டு வருஷ உழைப்பும் ஒரு நொடியில் புகையாகிவிடக் கூடும்.

தங்கம் என்றால் தங்கமல்ல

"80 பிளஸ்" என்ற முத்திரையையும் பார்க்க வேண்டும். 2004-ல் ஆரம்பமான இந்த ஏற்பாட்டில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள் உண்டு. சுவரிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் எத்தனை பங்கு கம்ப்யூட்டருக்குப் போகிறது, எத்தனை பங்கு உஷ்ணமாக வீணாகிறது என்பதை இவை காட்டும். 350 வாட் தேவைக்கு, நூற்றுக்கு 80 பங்கு திறனுள்ள சப்ளை சுவரிலிருந்து சுமார் 438 வாட் வாங்கும். 90 பங்கு திறனுள்ள தங்க முத்திரை சப்ளை சுமார் 389 வாட் வாங்கும். தினம் மூன்று மணி நேரத்துக்கு மாதம் நாலு யூனிட்டுக்கு மேல் மிச்சம். தங்க முத்திரையோடு மொத்தச் செலவு மாதம் சுமார் 35 யூனிட்; தங்கை பயந்த கணக்கோ 90! ஆயினும் முத்திரை திறனுக்கு மட்டுமே சாட்சி. ஆபத்துக் காலத்தில் தானே அணைந்து மற்றதைக் காக்கும் பாதுகாப்புகள் உண்டா, எத்தனை வருஷ உத்தரவாதம் என்பவற்றைத் தனியே விசாரிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பழைய சப்ளையின் கேபிள்கள் புதியதில் பொருந்துகின்றனவே என்று மாட்டிவிடக் கூடாது. ஊசிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மாற்றி மாட்டினால் சாமான் பாழ். இரண்டாவது, யு.பி.எஸ்.: 600 வி.ஏ. என்று எழுதிய சிறு பெட்டி பெரும்பாலும் 360 வாட்டே தாங்கும். ஆட்டத்தின் நடுவில் 389 வாட் கேட்டால் அது கைவிரித்துவிடும்.

மறுநாள் மருமான் தங்க முத்திரையுள்ள 650 வாட் சப்ளை ஒன்றை, சீட்டை ஒரு முறைக்கு இரு முறை படித்துப் பார்த்து, வாங்கி வந்தான். ஆயிரம் வாட்டை விட்டதில் மிஞ்சிய பணம் யு.பி.எஸ்.ஸுக்கு உதவிற்று. அன்று சாயங்காலம் பொத்தானை அமுக்கியதும் விசிறிகள் மெல்லச் சுழன்றன. திரையில் ஒளி வந்தது. அவன் முகத்திலும் வந்தது.

என் தங்கை மட்டும் பெருமூச்சு விட்டாள். "இவ்வளவு கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை, போன பரீட்சையில் ஏன் அண்ணா அத்தனை குறைவாக மார்க்கு வாங்கினான்?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு மாத்திரம் என்னிடம் விடையில்லை.