பட்டாளத்து வீட்டுக்கு யார் துணை?

ராணுவத்தில் பணியிடம் இரண்டு வகை. குடும்பத்தோடு தங்க வசதியுள்ள ஊரைப் 'பீஸ் ஸ்டேஷன்' என்பார்கள்; மனைவி மக்களை அழைத்துப்போக முடியாத எல்லைப்புறத்தை 'ஃபீல்டு' என்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீரர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவார். பீஸ் ஸ்டேஷனுக்கே வந்தாலும் சிப்பாய்கள் எல்லாருக்கும் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிடாது. காத்திருந்து கிடைக்கும் நேரத்தில் அடுத்த மாறுதல் நெருங்கியிருக்கும். அதனால் பல சிப்பாய்களின் மனைவிமார் கணவரின் சேவைக்காலத்தில் பெரும்பகுதியைச் சொந்த ஊரில், மாமனார் மாமியாரோடு கழிக்கிறார்கள். சம்பளம் மாதம் தவறாமல் வங்கிக்கு வந்துவிடுகிறது. ஆனால், நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வண்டி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை எந்த அரசாணையும் நியமிக்காது. படைவீரர் குடும்பங்கள் தமக்குள் செய்துகொள்ளும் தன்னார்வ சேவையின் மதிப்பை இந்த இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும்.

அரசு சும்மா இருந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1949 முதல் டிசம்பர் 7-ஆம் தேதி படைவீரர் கொடி நாளாக நிதி திரட்டப்படுகிறது. மாறுதலுக்கு மாறுதல் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்பதால் 1963-இல் இருபது ரெஜிமென்ட் பள்ளிகளை எடுத்து நடத்தத் தொடங்கிய திட்டம்தான் இன்றைய கேந்திரிய வித்யாலயா. முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003-இல் வந்தது. இவையெல்லாம் எண்ணிக் கொடுக்கக்கூடிய உதவிகள். எண்ண முடியாத உதவிக்கு வேறு ஏற்பாடு வேண்டியிருந்தது. 1966-இல் ராணுவ மனைவியர் நலச் சங்கம் பதிவானது. 'அவ்வா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தச் சங்கத்தின் கீழ், சிறப்புக் குழந்தைகளுக்காக 'ஆஷா' பள்ளிகள் பல ஊர்களில் நடக்கின்றன. யூனிட் ஃபீல்டுக்குப் போயிருக்கும் மாதங்களில் பிரசவத்துக்குக் காத்திருப்பவர் யார், மொழி தெரியாத ஊரில் புதிதாய் வந்திறங்கிய மணப்பெண் யார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளும் பெண்கள் குடியிருப்புக்குள் இருக்கிறார்கள். ஊரில் சித்தியும் அத்தையும் செய்யும் வேலையை அங்கே பக்கத்து பிளாக்கில் இருப்பவர் செய்கிறார்.

இந்தத் துணையின் அருமை, இழப்பு நேரும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். 1971 போரில் இந்தியா மூவாயிரத்துக்கும் அதிகமான வீரர்களை இழந்தது. மறு ஆண்டே மோகினி கிரி போர் விதவையர் சங்கத்தைத் தொடங்கினார். 2007-இல் காஷ்மீரில் உயிர்நீத்த கர்னல் வசந்த் வேணுகோபாலின் மனைவி சுபாஷினி, பெங்களூரில் வசந்தரத்னா அறக்கட்டளையை நிறுவி, தம்மைப் போலவே கணவரை இழந்த பெண்களுக்காக உழைக்கிறார். இவர்கள் கையாளும் சிக்கலில் பாதி காகிதச் சிக்கல். வீரரின் திருமணமும் குழந்தைப் பிறப்பும் ரெக்கார்ட் ஆபீஸில் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற பதிவாக ஏறியிருக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அந்த அலுவலகம் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. பதிவு விட்டுப்போயிருந்தாலோ, ஆதாரில் ஒரு பெயரும் பதிவேட்டில் இன்னொரு பெயரும் இருந்தாலோ, குடும்ப ஓய்வூதியம் இழுபறியாகும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல, அதே படிவத்தை ஒருமுறை நிரப்பி அலைந்தவரால்தான் முடியும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நாட்டுக்காகப் போனவரின் வீட்டை நாடுதான் பார்க்க வேண்டும். மனைவிமாரின் இலவச உழைப்பில் அரசு தன் கடமையைத் தள்ளிவிடலாமா? நியாயமான கேள்வி. ஓய்வூதியம், மருத்துவம், வீடு, பள்ளி ஆகியவை உரிமைகள். அவற்றை நன்கொடையாலும் தையல் வகுப்பாலும் ஈடுகட்டப் பார்த்தால் அது ஏமாற்று. ஆனால் உரிமை இருப்பது வேறு, அது கைக்கு வந்து சேர்வது வேறு. தன்னார்வலர் அந்த இடைவெளியில் நிற்கிறார். எந்தக் குடும்பத்துக்கு எது வரவில்லை என்பது முதலில் அவருக்குத்தான் தெரியவருகிறது. அப்படிப் பார்த்தால் நல்ல சேவை, அரசின் சுமையைக் குறைப்பதைவிடக் கூட்டவே செய்யும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. ராணுவத் தளபதியின் மனைவிதான் அவ்வா சங்கத்தின் தலைவி. யூனிட் அளவில் கமாண்டிங் ஆபீசரின் மனைவி. கணவரின் தோள்பட்டையில் உள்ள நட்சத்திரம் மனைவியின் நாற்காலியையும் தீர்மானிக்கிறது. அவர் கூப்பிடும் கூட்டத்துக்கு வர முடியாது என்று ஒரு சிப்பாயின் மனைவி சொல்லிவிட முடியுமா? முடியாது என்றால் அது சேவை ஆகாது, இன்னொரு டியூட்டி. வேலைக்குப் போகும் மனைவிகள் பெருகிவிட்டார்கள். பெண்களே அதிகாரிகளாகி, கணவர் 'குடும்பம்' என்ற இடத்துக்கு வந்திருக்கும் காலமும் இது. விமானப்படையின் சங்கம் தன் பெயரில் 'மனைவியர்' என்றிருந்ததைக் 'குடும்பம்' என்று மாற்றிக்கொண்டது நல்ல தொடக்கம். பெயரோடு நிற்காமல், வர மறுக்கும் சுதந்திரமும், அனுபவத்தைப் பார்த்துப் பொறுப்புத் தரும் வழக்கமும் வர வேண்டும். பட்டாளத்தில் வரிசை இருக்கட்டும். பக்கத்து வீட்டு உறவில் எதற்கு?

இந்த இரண்டையும்விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. குடியிருப்புச் சுவருக்குள் எவ்வளவு நன்றாக நடந்தாலும், ஊரில் இருக்கும் குடும்பத்தை அது எட்டுவது அரிது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். அங்கே ஒரு வீட்டுக் கஷ்டம் அடுத்த வீட்டுக்குச் சொல்லாமலே புரியும். ஆனால் ஊருக்கு ஒரே ஒரு பட்டாளத்து வீடு இருக்கும் கிராமத்தில் யாரிடம் போய்க் கேட்பது? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது; ஆட்சியர் அலுவலகத்தில் அவர்களுக்கென்றே குறைதீர்க்கும் கூட்டமும் நடக்கிறது. அங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. நாற்பதுகளில் ஓய்வுபெற்று ஊர் திரும்பும் ஹவில்தாரும் அவர் மனைவியுமே அதற்குப் பொருத்தமானவர்கள். படிவமும் தெரியும், பதவி அதிகாரமும் கையில் இல்லை.

கொடி நாளில் உண்டியலில் காசு போடுவதோடு நம் பங்கு முடிந்துவிடுவதில்லை. ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஆயுள் சான்று தர வேண்டும். இப்போது அது 'ஸ்பர்ஷ்' என்ற இணைய முறையில் நடக்கிறது. உங்கள் தெருவில் உள்ள பட்டாளத்து வீடு எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சான்று தர வேண்டிய மாதம் வரும்போது, அங்கிருக்கும் வயதான அம்மாவைப் பொதுச் சேவை மையத்துக்கு உங்கள் வண்டியில் கூட்டிப்போங்கள்.