சிலை சரி, சுவர் ஓவியம்?

2020ல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு சென்னை கண்ணகி நகரில் வரையவைத்த சுவரோவியங்களைப் படமெடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால், ஓவியரின் அனுமதி இல்லையென்று நீக்கிவிடுவார்கள். மெரினா உழைப்பாளர் சிலையின் படங்களோ அங்கே ஜம்முனு இருக்கின்றன. ஏன்?

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52. பொது இடத்திலோ, மக்கள் போய்வரும் வளாகத்திலோ நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிடலாம். கட்டடத்தையும் அப்படியே. அதாவது சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் (பணிக்கர் 1966ல் தொடங்கியது) வெளியே நிற்கும் சிற்பங்களுக்குச் சட்டச் சிக்கல் இல்லை. உள்ளே மாட்டியிருக்கும் ஓவியங்களுக்கு உண்டு. இந்தச் சலுகைப் பட்டியலில் ஓவியம் கிடையாது. வேடிக்கை என்னன்னா, பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள அதே சுவரோவியத்தை சினிமாவில் தாராளமாகக் காட்டலாம்!

ஓவியர் இறந்து 60 ஆண்டுவரை உரிமை நீடிக்கும். சென்னை வெயிலில் எந்த பெயிண்ட் அவ்வளவு காலம் தாங்கும்? உரிமை முடியும்போது படமெடுக்கச் சுவரில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் இப்போதே எடுத்து வையுங்கள். சொந்த ஆராய்ச்சிக்கு என்றால் அதே பிரிவு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. தேதி, தெரு, பிளாக் எண் குறித்துக்கொள்ளுங்கள். சுவரின் கீழ் மூலையில் கையெழுத்து இருந்தால் அதைத் தனியாக ஒரு குளோசப் எடுங்கள். ஓவியரைத் தேடிப் பிடிக்க பெரும்பாலும் அது ஒன்றுதான் வழி. அவர் திறந்த உரிமத்துக்குச் சம்மதித்து மின்னஞ்சல் அனுப்பினால் பொதுவகமும் ஏற்றுக்கொள்ளும்.