குறைந்த விலைக்கு ஒரு நல்ல ஃபீல்டர் வேண்டும்!

திருச்சுழி பக்கம் ஐப்பசியில் நல்ல மழை இறங்கினால் ஊரே சிரிக்கும். கிரிக்கெட் டீம் பையன்கள் மட்டும் சிரித்துக்கொண்டே கொஞ்சம் முகத்தைச் சுளிப்பார்கள். அவர்களுக்குக் கண்மாய்தான் கிரவுண்ட். தண்ணீர் வற்றி, கரிசல் காய்ந்து, ஆடுமாடு மிதித்துத் தரை ஓரளவு இறுகிய பிறகுதான் ஸ்டம்ப் நட முடியும். கண்மாய் நிறைந்தால் விவசாயிக்கு வேலை, டீமுக்கு லீவு.

இந்த லீவில்தான் அடுத்த வருஷத்துக் கணக்கு நடக்கும். யார் இருக்கிறான், யார் போய்விட்டான்? ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பான். இன்னொருவன் சென்னையில் டெலிவரி வண்டி ஓட்டுவான். இன்னொருவனுக்கு வளைகுடா விசா வந்திருக்கும். பங்குனி, சித்திரைத் திருவிழாவை ஒட்டி வரும் டோர்னமென்ட்டுக்கு ஆள் சேர்க்க வேண்டும். பேட்டிங்குக்கு எந்தக் காலத்திலும் ஆள் பஞ்சம் வந்ததில்லை. பவுலிங்குக்கும் எப்படியோ கிடைத்துவிடும். கிடைக்காதவன், பவுண்டரி ஓரம் வெயிலில் நின்று, உயரத்தில் வரும் பந்தை ஓடிப் பிடித்து, கீப்பர் கைக்கு நேராக எறிகிறவன். பக்கத்து ஊரில் அப்படி ஒருவன் இருந்தால், பஸ் காசும் மத்தியானம் புரோட்டாவும் கொடுத்துக் கூட்டிவரலாம். டீமின் பட்ஜெட் அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய இதே மாதங்களில் அமெரிக்காவின் பேஸ்பால் அணிகளும் இதே தேடலில்தான் இருக்கின்றன. அங்கே சீசன் ஐப்பசி வாக்கில் முடியும். மாசியில் மறுபடி பயிற்சி ஆரம்பிக்கும். நடுவில் உள்ள குளிர்காலம் முழுக்க ஆள் பிடிக்கும் காலம்.

பேஸ்பாலில் மைதானத்தின் கடைக்கோடியில் மூன்று பேர் நிற்பார்கள். இடது, நடு, வலது. அவர்களுக்கு அவுட்ஃபீல்டர் என்று பெயர். நம் லாங் ஆன், டீப் மிட்விக்கெட்டில் நிற்பவர்களுக்கு அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். பந்தைப் பிடித்தால் மட்டும் போதாது, மட்டையும் பிடிக்கத் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவருக்கு விலை எகிறிவிடும். 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி ஹுவான் சோட்டோ என்ற அவுட்ஃபீல்டரை 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. அதே லீகில் 2025-ம் ஆண்டுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 7.6 லட்சம் டாலர். ஒரே இடத்தில் நிற்கிற இரண்டு பேருக்கு இடையில் இவ்வளவு பள்ளம். பணம் குறைந்த அணி அந்தப் பள்ளத்துக்குள்தான் ஆள் தேடுகிறது.

இந்தத் தேடலில் பெயர் வாங்கியது ஓக்லாண்ட் அணி. 2001 முடிவில் அதன் முன்னணி அவுட்ஃபீல்டர் ஜானி டேமன் பாஸ்டனுக்குப் போய்விட்டார். பெரிய அடிக்காரர் ஜேசன் ஜியாம்பியை நியூயார்க் யாங்கீஸ் தூக்கிக்கொண்டது. யாங்கீஸின் சம்பளப் பட்டியல் சுமார் 12.5 கோடி டாலர். ஓக்லாண்டிடம் இருந்ததோ 4 கோடி டாலர் சொச்சம். மேலாளர் பில்லி பீன் நட்சத்திரங்களுக்குப் பதில் நட்சத்திரங்களைத் தேடவில்லை. அடித்தோ, அடிக்காமல் பொறுமையாக நின்றோ, எப்படியாவது முதல் பேஸுக்குப் போய்ச் சேர்கிறவர் யார் என்று பார்த்தார். சந்தை அந்தப் பொறுமைக்கு அப்போது விலை வைக்கவில்லை. முழங்கை நரம்பு பாதித்து, கேட்ச்சர் வேலை பார்க்க முடியாமல் போன ஸ்காட் ஹாட்டபெர்க் வந்தார். ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த அவுட்ஃபீல்டர் டேவிட் ஜஸ்டிஸ் வந்தார். 2002-ல் ஓக்லாண்ட் தொடர்ந்து 20 ஆட்டங்கள் ஜெயித்தது. சீசன் முடிவில் 103 வெற்றி. யாங்கீஸும் 103 தான். மைக்கேல் லூயிஸ் இதைப் புத்தகமாக எழுதினார். 2011-ல் பிராட் பிட் நடித்த ‘மணிபால்’ படமும் இதே கதைதான். கோப்பை என்னவோ ஓக்லாண்டுக்குக் கிடைக்கவில்லை. படத்தில் அதையும் மறைக்காமல்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஊர்க் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். தமிழ்நாடு பிரீமியர் லீகில் முதல் சில சீசன்கள் முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏலம் வந்தது 2023 பிப்ரவரியில், மாமல்லபுரத்தில். ஓர் அணியின் கையிருப்பு 70 லட்சம் ரூபாய். அதில் கோவை கிங்ஸ் சாய் சுதர்சன் ஒருவருக்கே 21.6 லட்சம் கொடுத்தது. அப்போது ஐ.பி.எல்லில் குஜராத் அவருக்குக் கொடுத்துவந்தது 20 லட்சம்! உள்ளூரில் அதிக விலை, உலகமே பார்க்கும் மேடையில் குறைந்த விலை. மூன்று மாதம் கழித்து ஐ.பி.எல் ஃபைனலில் அவர் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தபோது, குஜராத் எவ்வளவு மலிவாக வாங்கியிருக்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

ஆனால் கோவையின் நிலைமையையும் யோசிக்க வேண்டும். ஒருவருக்கே கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விட்டது. மீதிப் பணத்தில்தான் மற்ற எல்லோரையும் சேர்க்க வேண்டும். அந்த ஏலத்தில் கடைசிப் பிரிவு வீரரின் அடிப்படை விலை 1.5 லட்சம். கப் ஜெயிக்கிற டீமுக்கும் ஜெயிக்காத டீமுக்கும் வித்தியாசம் பல நேரம் அந்த ஒன்றரை லட்சத்து ஆட்களில்தான் இருக்கிறது. டி.வி-யில் அவர்கள் பெயர் ஓடாது, அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டைக்காரர்களுக்குப் பக்கத்து டீம் என்றால் மதுரை பேந்தர்ஸ். முதல் இரண்டு சீசன்களில் சோபிக்காத அணி. 2018-ல் அந்த அணிக்கு வந்தவர் வருண் சக்கரவர்த்தி. வயது 26. ஆர்க்கிடெக்ட் படித்து, வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர். வேகப்பந்து போட்டு, முழங்கால் காயத்துக்குப் பிறகு சுழலுக்கு மாறியவர். சென்னை லீகில் நான்காவது டிவிஷன். தமிழ்நாடு அணிக்கு அதுவரை ஆடியதே இல்லை. பேப்பரில் பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள். அந்த சீசனில் அவர் எடுத்தது 9 விக்கெட். இதைவிட அதிகம் எடுத்தவர்கள் உண்டு. ஆனால் அவர் ஓவருக்குக் கொடுத்தது சராசரியாக 4.7 ரன். போட்ட 240 பந்துகளில் 125 பந்துகளுக்கு ரன்னே இல்லை. விக்கெட் கணக்கு மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாத எண் இது. ஆகஸ்ட்டில் மதுரை, திண்டுக்கல்லைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. டிசம்பர் ஐ.பி.எல் ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையில் நின்ற வருணைப் பஞ்சாப் 8.4 கோடிக்கு எடுத்தது. 42 மடங்கு!

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் கதையும் இதே தடம். இருபது வயது வரைக்கும் டென்னிஸ் பந்துதான். 2016 டி.என்.பி.எல்லில் திண்டுக்கல்லுக்காக சூப்பர் ஓவரில் வரிசையாகப் போட்ட யார்க்கர்கள் அவரை அடையாளம் காட்டின. அடுத்த ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலை, 3 கோடிக்கு முடிந்தது.

இந்த இரண்டு பேரும் பவுலர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வெறும் ஃபீல்டிங்கை வைத்துக் கரைசேர்ந்தவர் பெயரைக் கேட்டால் பதில் சட்டென்று வராது. இத்தனைக்கும் கணக்கு ஒன்றுதான். பவுண்டரி ஓரம் இரண்டு நாலைத் தடுத்து இரண்டிரண்டாக ஆக்குகிறவன், டீமுக்கு நாலு ரன் அடித்துக் கொடுத்த மாதிரி. ஸ்கோர் போர்டில் அந்த நாலு எங்கேயும் ஏறாது. பேஸ்பாலில் 2015 முதல் எல்லா மைதானங்களிலும் கேமராவும் ரேடாரும் வைத்து, அவுட்ஃபீல்டர் எத்தனை அடி ஓடினார், எவ்வளவு கடினமான கேட்ச் அது என்று அளக்கிறார்கள். அதனால்தான் அங்கே கேட்ச் பிடிக்கிறவருக்கும் ஒரு விலை உண்டு. கண்மாயில் அளப்பது, கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் கண்தான். “பய என்னமா ஓடுறான் பாரு” என்பதுதான் அதிகபட்ச சர்ட்டிஃபிகேட்.

கரிசல் கண்மாய் ஒரு விதத்தில் கெட்டிக்கார வாத்தியார். தரை வெடித்திருக்கும்; பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஓரத்தில் சீமைக்கருவேல முள். அந்தத் தரையில் பழகியவனுக்குப் பந்து கடைசி நொடியில் திரும்பினாலும் கை தயாராக இருக்கும். செருப்பில்லாமல் ஓடிப் பழகிய கால். த்ரோவில் குறை இருக்காது. ஆனால் ஒன்று வராது: டைவ். காய்ந்த கரிசலில் விழுந்தால் முழங்கையும் முட்டியும் தோல் உரிந்துவிடும். அதனால் விழாமல் பிடிப்பதே பழக்கம். புல்தரையில் நடக்கும் செலக்‌ஷனுக்குப் போனால் முதலில் பார்ப்பது, பையன் பாய்கிறானா என்பதை. பாயாதவனுக்குப் பயம் என்று நினைப்பார்கள். அவன் வளர்ந்த தரை அப்படி என்று யார் போய்ச் சொல்வது?

பந்து இன்னொரு தடை. டென்னிஸ் பந்தில் உயரக் கேட்ச் பிடித்துப் பழகியவனுக்கு லெதர் பந்து உள்ளங்கையில் கல் விழுந்த மாதிரி இருக்கும். ஒரு மாதம் பழகினால் சரியாகிவிடும். அந்த ஒரு மாதத்துக்கு இடமும் பந்தும் பஸ் காசும் வேண்டும். மில்லுக்கு ஷிஃப்ட் போகிற பையனுக்கு லீவும் வேண்டும்.

நடராஜன் சின்னப்பம்பட்டியிலேயே சொந்தச் செலவில் ஒரு மைதானம் போட்டார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். தெற்கே, மதுரை சிந்தாமணிப் பக்கம் பெரிய கிரிக்கெட் ஸ்டேடியத்தை 2025 அக்டோபரில் தோனி திறந்தார். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை சுமார் 50 கி.மீ. இதுவரை டி.என்.பி.எல் ஆட்டம் நேரில் பார்க்க நத்தம், நெல்லை என்று அலைந்த பையன்களுக்கு, இப்போது புல்தரை பக்கத்தில் வந்திருக்கிறது. அதில் பார்வையாளனாக உட்காரலாம். உள்ளே இறங்கி நிற்க வேண்டுமென்றால், மாவட்டச் சங்கத்தின் வயதுப் பிரிவுத் தேர்வுக்குப் போய்ப் பெயர் கொடுப்பதுதான் முதல் படி. அந்த அறிவிப்பு வரும் நாளில் பையன் ஊரில் இருக்க வேண்டும், திருப்பூரில் அல்ல.