வாறுகாலும் மறுகாலும்

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் குளம் நிறைந்துவிட்டதைச் சொல்ல ஒரு சொல் உண்டு: 'மறுகால் பாயுது.' குளம் கொள்ளாத தண்ணீர் வெளியேறும் வழிதான் மறுகால். அது அடுத்த குளத்துக்குப் போகும். அந்தக் குளத்தின் மறுகால் அதற்கடுத்த குளத்துக்கு. சீவலப்பேரிக்குப் பக்கத்தில் மறுகால்தலை என்றே ஓர் ஊர் இருக்கிறது. அதே வட்டாரத்தில் இன்னொரு சொல்லும் புழங்குகிறது. தெருவோரச் சாக்கடைக்கு அங்கே வாறுகால் என்று பெயர். மறுகால் நீர்வளத் துறையின் சொத்து. வாறுகால் நகராட்சியின் சொத்து. இந்த இரண்டும் ஒன்றையொன்று எங்கே சந்திக்கின்றன என்பதை மட்டும் எந்த அலுவலகமும் தன் வேலையாக நினைப்பதில்லை.

2023 டிசம்பரில் அவை சந்தித்தன.

டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 செ.மீ. ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். திருச்செந்தூரில் 69 செ.மீ. சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. தண்டவாளத்தின் அடியில் ஜல்லியைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை. கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்து, தூத்துக்குடி நகருக்குள் வெள்ளம் புகுந்தது.

95 செ.மீ. மழையை எந்தக் குளமும் தாங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முன்னோர் வெட்டிய குளங்களைத் தூர்வாரினால் போதும், எல்லா வெள்ளமும் அடங்கிவிடும் என்று புல்லரிக்கும் பேச்சு இப்போது கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறது. குளங்கள் அந்தக் காலத்திலும் உடைந்தன. தாமிரபரணியில் 1992 நவம்பரில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். மாறியிருப்பது, உடைந்த தண்ணீர் போய் விழும் இடம். முன்பு அது நெல்வயலிலும் வாழைத்தோப்பிலும் பனங்காட்டிலும் பரவி, உப்பளங்கள் வழியாகக் கடலைச் சேர்ந்தது. விவசாயிக்கு ஒரு போகம் போகும். உப்பளத்துக்காரருக்கு ஒரு பருவம் போகும். இப்போது அதே பள்ளத்தில் வீடுகள் இருக்கின்றன.

கோரம்பள்ளத்தின் கதையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது, 1870களில் கட்டப்பட்ட ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. வடகாலின் கடைசிக் குளம் கோரம்பள்ளம். பாசனக் கணக்கில் பார்த்தால் அது கடைமடை. வறண்ட ஆண்டுகளில் தண்ணீருக்கு ஏங்கி நிற்கும் குளம். வெள்ளக் கணக்கில் பார்த்தாலோ, மேற்கே மானாவாரிக் காட்டில் பெய்யும் மழை ஓடைகளாகத் திரண்டு நகரை நோக்கி வரும்போது முதலில் அதைத் தாங்கிப் பிடிக்கும் குளமும் அதுதான். அதன் உபரி நீர் உப்பாற்று ஓடையில் இறங்கி, நகரின் தெற்கே கடலுக்குப் போக வேண்டும். ஆகவே தூத்துக்குடியின் மிக முக்கியமான வடிகால் மாநகராட்சிக் கணக்கில் இல்லாத ஒரு பாசனக் குளம். குளத்துக்குத் தலையில் மழை, காலடியில் கடல், நடுவில் ஊர்.

ஊரோ தட்டையானது. பிரையன்ட் நகர், முத்தம்மாள் காலனிப் பகுதிகளில் சாதாரண ஐப்பசி மழைக்கே தண்ணீர் தேங்கும்; மோட்டார் வைத்து இறைப்பது அங்கே ஒரு பருவத் தொழில் மாதிரி. 2015இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழ்நாட்டின் 11 நகரங்கள் இடம்பெற்றன. தூத்துக்குடியும் திருநெல்வேலியும் அவற்றில் உண்டு. பூங்கா வந்தது, பேருந்து நிலையம் வந்தது, கான்கிரீட் வாறுகால்களும் வந்தன. எல்லாம் மாநகராட்சி எல்லைக்குள்ளே. தண்ணீர் அந்த எல்லையைப் படித்துப் பார்த்துவிட்டு வருவதில்லையே!

இது தூத்துக்குடிக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. நகரமயம் என்றதும் சென்னை, பெங்களூரு என்றே யோசிக்கிறோம். ஊர்கள் நகரமாவது வேறு இடத்தில் நடக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 3,894 ஊர்களைக் 'கணக்கெடுப்பு நகரங்கள்' என்று அறிவித்தார்கள். மக்கள்தொகை 5,000, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் நான்கில் மூவர் விவசாயம் அல்லாத வேலை. இவை இருந்தால் அது நகரம். ஆனால் நிர்வாகம் ஊராட்சி. தமிழ்நாட்டில் மட்டும் அப்படி 376. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் 7,933 நகர்ப்புற ஊர்களில் 65 சதவீதத்துக்கு மாஸ்டர் பிளானே கிடையாது. மாநில நகரமைப்புத் துறைகளில் திட்ட வல்லுநர்களுக்கு இருந்த ஏறத்தாழ நான்காயிரம் பணியிடங்களில் 42 சதவீதம் காலி என்றும் அது சொன்னது. பருவநிலையைத் தாங்கும் நகரம் என்று கருத்தரங்குகளில் பேசுகிறோம். வரைபடம் வரைய ஆளில்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அ-பதிவேடு. எந்தச் சர்வே எண் குளம், எது வாய்க்கால் புறம்போக்கு, எது ஓடை என்று ஒவ்வொரு ஊருக்கும் அதில் எழுதியிருக்கிறது. நில அளவைப் புலப்படத்தில் வாய்க்காலின் அகலம்கூட உண்டு. சிற்றூர் நகரமாகும்போது முதலில் காணாமல் போவது இந்த வாய்க்கால்கள்தான். பாசனம் நின்றபின் கால்வாய்க்குக் காவலில்லை. நீர்க்கட்டி என்று ஒரு ஆள் மண்வெட்டியோடு கரையில் நடந்த காலம் போய்விட்டது. 'பஞ்சாயத்து அப்ரூவல் மனை' என்று விற்ற காலத்தில் வாய்க்கால் மனைப்பிரிவின் சாலையானது. அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்கும்வரை இது தடையின்றி நடந்தது. பெருநகரத்தில் இழந்த வாய்க்காலை மீட்க அடுக்குமாடிகளை இடிக்க வேண்டும். சிற்றூரில் பல இடங்களில் இன்னும் வேலியை நகர்த்தினால் போதும். சிறிய நகரங்களுக்கு இருக்கும் ஒரே பெரிய வசதி இது, நாள்பட நாள்பட விலை ஏறுகிற வசதி.

சிறிய ஊருக்குப் பெரிய காரியம் முடியாது என்பதும் சரியில்லை. தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து 1920களில் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை நகருக்குக் கொண்டுவந்தார். நகராட்சி எல்லைக்கு வெளியே, ஆற்றங்கரையில் போய் நின்று ஊரின் தாகத்தைத் தீர்த்த வேலை அது. தண்ணீர் உள்ளே வருவதற்கு எல்லையைத் தாண்டி யோசித்த ஊர், தண்ணீர் வெளியே போவதற்கு இன்னும் அப்படி யோசிக்கவில்லை.

2027இல் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இன்னும் எத்தனையோ கிராமங்கள் நகரம் என்று பெயர் வாங்கும். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு நாலுவழிச் சாலையில் போனால் இருபுறமும் பெயிண்ட் அடித்த மனைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. கோடையில் பார்க்கும்போது எல்லாம் ஒரே மட்டமான நிலமாகத்தான் தெரிகிறது.