இயந்திரம் தட்டினால் எண்ணெயைப் பாருங்கள்

பழைய கார்களின் கோளாறுகளை எண்ணெய்க் கோளாறு, பெட்ரோல் கோளாறு, சத்தம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். ஆனால் அந்த இயந்திரங்கள் ஓடிய விதத்தைக் கவனித்தால், பல நேரம் ஒன்றிலிருந்துதான் மற்றொன்று பிறக்கிறது என்பது தெரியும். சத்தம் கடைசியில் வருவது. காதில் முதலில் விழுவது அதுதான் என்பதால் அதையே நோயாக எண்ணிவிடுகிறோம். இதை விளக்க ஏற்ற வண்டி, 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி தயாரான ஃபோர்டு டி மாடல். ஏற்ற இடம் மலேசியாவின் காம்பார் வட்டாரம். சமதளமான கிந்தா பள்ளத்தாக்கும், தெற்கே தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையும், ஆண்டு முழுதும் குறையாத வெக்கையும் இங்கே ஒருசேர இருக்கின்றன.

டி மாடலில் எண்ணெய் பம்ப் கிடையாது. அடியில் தேங்கிய எண்ணெயைச் சுழலும் ஃபிளைவீல் வாரி இறைக்கும். அதில் ஒரு பகுதி குழாய் வழியாக முன்பக்கம் போய், கனெக்டிங் ராடுகளின் அடியிலுள்ள பள்ளங்களை நிரப்பியபடி பின்னோக்கி வழியும். எண்ணெய் அளவு பார்க்கக் குச்சியும் இல்லை. வண்டிக்கு அடியில் புகுந்து, மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு சிறு திருகுகளைத் திறக்க வேண்டும். கீழ்த் திருகில் எண்ணெய் வர வேண்டும், மேல் திருகில் வரக்கூடாது. சமதளத்தில் இந்த ஏற்பாடு போதும். செங்குத்தான ஏற்றத்திலோ எண்ணெய் பின்னுக்குச் சரிந்து, முதல் சிலிண்டரின் பேரிங் வறண்டுபோகும். அந்தப் பேரிங்கின் உள்பூச்சு, ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் 1839இல் உருவாக்கிய கலவை உலோகம். அதில் பெரும்பங்கு வெள்ளீயம். ஆன்டிமனியும் செம்பும் சிறுபங்கு. காம்பாரின் ஈயச் சுரங்கங்கள் தோண்டியெடுத்த அதே வெள்ளீயம்! இந்தக் கலவை வழவழப்பானது, தண்டைக் கீறாதது. ஆனால் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். எண்ணெய்ப் படலம் அறுந்தால் உராய்வுச் சூடே இந்தப் பூச்சை வழித்தெடுத்துவிடும். இடைவெளி விரிந்த பிறகுதான் தட்டும் சத்தம் கேட்கிறது.

பெட்ரோலும் அதே ஏற்றத்தில்தான் கைவிட்டது. டி மாடலின் பெரும்பாலான ஆண்டுகளில் டாங்கி முன்னிருக்கைக்கு அடியில் இருந்தது. புவியீர்ப்பின் தயவால் மட்டுமே பெட்ரோல் கார்புரேட்டருக்கு வந்தது. டாங்கியில் குறைவாக இருக்கும்போது மலையேறினால், கார்புரேட்டர் டாங்கியைவிட மேலே போய்விடும். இயந்திரம் திக்கித் திணறும். ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே மலையேற்றியதற்கு முக்கியக் காரணம் இதுதான். அப்படி ஏறும்போது எண்ணெயும் முன்பக்கம் சரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு கோளாறுக்கும் சரிவு என்ற ஒரே காரணம், ஒரே வைத்தியம்.

இனி மூன்றாவது இணைப்பு. தேய்ந்த பிஸ்டன் வளையங்களின் வழியே மேலேறும் எண்ணெய் எரிந்து, எரியறையில் கரியாகப் படிகிறது. கரி இடத்தை அடைப்பதால் அழுத்தம் கூடுகிறது. சூட்டையும் பிடித்து வைக்கிறது. தீப்பொறியிலிருந்து சுடர் பரவி வருவதற்குள், கடைசி மூலையில் நசுங்கிக் கிடக்கும் பெட்ரோல் ஆவி தானே வெடித்துவிடுகிறது. அந்த அழுத்த அலை சுவரில் மோதுவதே ‘நாக்கிங்’ எனப்படும் கணீரொலி. காடிலாக் கார் பேட்டரி இக்னிஷனுடன் வந்தபின் இந்த ஓசைக்கு அந்த இக்னிஷனையே பலர் பழித்தனர். அதை வடிவமைத்த சார்லஸ் கெட்டரிங், பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லியை ஆராய வைத்தார். குற்றவாளி மின்சாரமல்ல, எரிபொருள் எரியும் விதம் என்று மிட்ஜ்லி கண்டார்.

தேய்ந்த பேரிங்கும் தளர்ந்த பிஸ்டனும் நிஜமாகவே சத்தம் போடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண டி மாடலிலேயே கருவி இருந்தது. ஸ்டியரிங்கின் இடப்பக்க நெம்புகோலால் தீப்பொறியைத் தாமதப்படுத்தினால் நாக்கிங் மறைந்துவிடும். பேரிங் சத்தம் சற்றுத் தணியுமே தவிர மறையாது. மறையாவிட்டால், நான்கு காயில்களின் அதிர்வுத் தகடுகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி அந்தந்த சிலிண்டரை நிறுத்திப் பார்க்கலாம். எதை நிறுத்தும்போது ஓசை மாறுகிறதோ, அங்கேதான் பேரிங் போயிருக்கிறது. வரிசை முக்கியம். இரண்டாவது சோதனையை முதலில் செய்தால் நாக்கிங்கும் அடங்கி, நல்ல பேரிங்கைக் கழற்ற நேரிடும்.

எரிபொருளை மாற்றியதும் சிக்கல் தீர்ந்துவிட்டதே என்பது இன்னொரு வாதம். 1921 டிசம்பரில் மிட்ஜ்லி குழு கண்ட காரீயச் சேர்மம் 1923இல் விற்பனைக்கு வந்தது; நாக்கிங்கை அடக்கியதும் உண்மை. ஆனால் காரீயமே உள்ளே படிந்ததால், அதை வெளியேற்ற இன்னொரு ரசாயனத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது. புகையோடு போன நஞ்சு தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் மூளையைத் தாக்கியது. 2021இல் அல்ஜீரியா நிறுத்திய பிறகே கார்களுக்கான காரீயப் பெட்ரோல் உலகில் ஒழிந்தது. சத்தத்தை மட்டும் அடக்கியதற்கு மனிதகுலம் கொடுத்த விலை மிகப் பெரிது.

இன்றைய காரில் நாக் சென்சார் அந்த ஓசையைக் கேட்டுத் தீப்பொறியைத் தானே தாமதப்படுத்துகிறது. நமக்குச் சத்தம் கேட்பதில்லை; காரணமோ உள்ளேயே இருக்கலாம். ஆகவே கேமரன் மலை ஏற்றத்தில் உங்கள் கார் வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்தால், நாக்கிங்கைத் தாங்கும் ரோன் 97 பெட்ரோலுக்குக் கூடுதல் காசு கொடுப்பதற்கு முன் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் வேகமாகக் குறைகிறது என்றால், அது எங்கே எரிகிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.